பச்சைச் சீழ்

கோபக்காரிக்கு,

தாம்பரம் ஆஸ்பத்திரி லேப், 1992 ஆகஸ்ட் 11, காலை 7.10. பன்னிரண்டு சோதனைத் தட்டுகளில் ஒன்றில் மட்டும் கிருமி வளர்ந்திருக்கிறது. அது உன் கையிலிருந்து எடுத்த தட்டு அல்ல!

தீக்காய வார்டில் நான்கு பேருக்குப் புண்ணில் பச்சைச் சீழ் வைத்ததற்கு உன்னைத்தானே வேலையிலிருந்து நிறுத்தினார்கள்? கிருமி புண் கழுவும் மருந்து பாட்டிலில் இருந்தது. கிருமியைக் கொல்லும் மருந்திலேயே, நம்புவாயா! ஆயா பாப்பாவைக் கேட்டேன்.

"நான் இன்னா சார் பண்ணேன்? கொறைய கொறைய மேலயே ஊத்திகினு வரேன். வந்த நாளா இப்டிதான்."

பாட்டிலை ஒருநாளும் கழுவியதில்லை. அடியில் தேங்கிய பழைய மருந்தில் கிருமி பெருகிவிட்டது.

நான்காம் கட்டில் அங்காளம்மாவுக்கு இன்னும் காய்ச்சல். ஆனாலும், "அந்த நர்சம்மாவ எங்க தொரத்துனீங்க? அது கட்டு பிரிச்சா வலியே தெர்லபா" என்று என்னைத் திட்டினாள். எந்த ஊசிக்கு இந்தக் கிருமி அடங்கும் என்று இப்போது தெரியும். அவள் பிழைப்பாள்.

அன்றைக்கு வீட்டில் உன் கையைப் பஞ்சால் துடைத்து எடுத்தேனே, அது வெறும் சோதனை, சந்தேகமில்லை. சரி, சந்தேகம்தான்.

இனிச் செய்யப் போவது:

1. பாட்டில்களையெல்லாம் கொட்டிக் கொதிக்க வைப்பது.
2. பெரிய டாக்டரிடம் தட்டைக் காட்டி, உன்மேல் தப்பில்லை என்று எழுதி வாங்குவது.
3. ஞாயிற்றுக்கிழமை, நீ கோபித்துக்கொண்டு போன பொழிச்சலூர் வீட்டுக்கு வந்து, உன் அப்பா முன்னாலேயே உன்னிடம் மன்னிப்புக் கேட்பது.

உன் வீட்டுக்காரன்