எடுலா தாயார் கிணற்றில் ஒரு சட்டை

மெழுகுதிரித் திருநாளுக்கு மறுநாள்

கிணற்றில் இன்றும் சட்டைகள். நோயாளியின் சட்டை மிதந்தால் பிழைப்பானாம், மூழ்கினால் போய்விடுவானாம். புனித எடுலா தாயாரின் தீர்ப்பு! விசுவாசத்துக்காகத் தலையைக் கொடுத்தவருக்கு, யார்க்‌ஷயர் குளிரில் ஈரத்துணி பார்க்கும் உத்தியோகம். நான் பங்குச் சாமியார். கழியால் துணியை வெளியே இழுப்பவன். வாய் திறப்பதில்லை. திறந்தால் கிணற்றுக் காணிக்கை நின்றுபோகும், என் அடுப்பு எரியாது.

புனித அகத்தா திருநாள்

மாவு ஆலைக்காரன் மனைவி ஹாவிஸ், காய்ச்சலில் கிடக்கும் மகள் எம்மட்டின் சட்டையைக் கொண்டுவந்தாள். முரட்டுக் கம்பளி. போட்டதும் அடிக்குப் போயிற்று. நனைந்த கம்பளி வேறென்ன செய்யும்?

மறுநாள்

ஐயோ, பிள்ளைக்குப் பாலை நிறுத்திவிட்டார்கள்! காய்ச்சல் தணிந்திருக்கிறது, வாய் திறந்து கேட்கிறது. தாய்க்காரியோ மூலையில் உட்கார்ந்து சவத்துணி தைக்கிறாள்.

"கேக்குதுல்ல, குடுடி!" என்றேன்.

"தாயாரே கூப்பிட்டாச்சு சாமி. நாம பாலக் குடுத்து வழி மறிச்சா அவங்களுக்குக் கோவம் வராதா?"

தலையில் அடித்துக்கொண்டு வந்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா? — ஊரே கல்லெறியும். இவர்களுக்குப் புரிகிற பேச்சு ஒன்றுதான்.

அதற்கும் மறுநாள்

விடிந்ததும் ஆலைக்கு ஓடினேன்.

"தாயார் என் கனவுல வந்தாங்க. சட்டை நோயைத்தான் இழுத்துக்கிட்டு உள்ள போச்சாம். பால் குடுக்கச் சொன்னாங்க."

"பசும்பாலா, ஆட்டுப்பாலா சாமி?"

"எது இருக்கோ அது!"

பொய்தான். கூசாமல் சொன்ன பொய். எம்மட் கிண்ணத்தைக் காலி செய்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாம்பல் புதன்

எம்மட் கோழி விரட்டுகிறாள். ஊரெல்லாம் அற்புதம், அற்புதம். பாலைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

உயிர்ப்பு ஞாயிறுக்குப் பின் செவ்வாய்

இப்போது சட்டை மூழ்கினால்தான் நல்லதாம். உள்ளே கூழாங்கல் வைத்துத் தைத்துக்கொண்டு வருகிறார்கள், புத்திசாலிகள்! என் கழி முறிந்துவிட்டது.

புனித மாற்கு திருநாள்

தச்சன் ஓர்மின் மகனுக்கு வயிற்றுப்போக்கு. ஓர்ம் நேர்மையானவன், கல் வைக்கவில்லை. மெல்லிய நூல் சட்டை, காற்றில் புடைத்து அழகாக மிதந்தது. போன வருடமானால் ஊரே கைதட்டியிருக்கும்.

"நோய் எறங்கல சாமி. மேலயே நிக்குது" என்று தலைகவிழ்ந்து போனான்.

கஞ்சிச் சட்டியை இறக்கிவிட்டார்களாம். அவன் பலகை அறுக்கிற சத்தம் இங்கே கேட்கிறது. பையன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான்.

இரவுவரை பொறுக்க முடியாது. தாயார் இம்முறை பட்டப்பகலிலேயே என் கனவில் வந்துவிட்டார். தச்சன் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.