தீபாவளி வேட்டியில் எடுத்த படம்

திருக்காட்டுப்பள்ளி,
கார்த்திகை 3

அன்பு மகள் குந்தவைக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறோம், டில்லியில் நீயும் உன் பெட்டி கேமராவும் சுகமாகத்தான் இருப்பீர்கள். போனில் சொல்லலாம் என்றால் நீ குறுக்கே குறுக்கே பேசி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, உன் தம்பி மதிவாணன் திருவாரூரிலிருந்து வந்து சம்பா வயலுக்கு உரம் போட்டுவிட்டுப் போனான், மழை இன்னும் விட்டபாடில்லை.

எதிர்வீட்டு வைரக்கண்ணு மாமாவின் நிவாரண மனுவைத் தள்ளிவிட்டார்கள். உன் படத்தால்தான் தள்ளினார்கள். தீபாவளிக்கு வந்தவள் பலகாரம் தின்றோமா தூங்கினோமா என்று இருந்தாயா? கொள்முதல் நிலைய வாசலில் அவருடைய குறுவை நெல் மழையில் நனைந்து முளைத்துக் கிடந்ததைப் பார்த்ததும், செய்திக்குப் படம் எடுக்கிறேன் என்று அந்த மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். ஊர் உலகமெல்லாம் போனில் தட்டினால் படம் வந்துவிடுகிறது. நீ மூன்று கால் ஸ்டாண்டை நட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது என்று திருகித் திருகி முடிப்பதற்குள், மாமா வீட்டுக்குப் போய்க் குளித்து, தலை வாரி, தீபாவளிக்கு எடுத்த புது வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டார். நம் ஊரில் ஸ்டாண்டு வைத்துப் படம் எடுத்தால் யார்தான் சேற்று வேட்டியோடு நிற்பார்கள்? அதற்குச் சற்று முன்னால்தான் அந்த மனிதர் முளைத்த நெல்லைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு அழுதார், நீயும் பார்த்தாய். உன்னிடமும் போன் இருந்ததே, எடுத்தாயா? "அசையாதீங்க மாமா, கம்பீரமா நில்லுங்க" என்றாய். அவரும் நின்றார்.

பத்திரிகைக்காரத் தம்பி இர்பான் போனோடு வந்தபோது, "நம்ம புள்ளையே பெரிய பெட்டியில எடுக்குது, நீங்க வேற எதுக்கு தம்பி" என்று மாமாதான் திருப்பி அனுப்பினார். அவ்வளவு நம்பிக்கை உன் மேல். நீ பிலிமை டில்லிக்குக் கொண்டுபோய்க் கழுவி, படம் பேப்பரில் வருவதற்குள் நெற்குவியலே இல்லை, நாற்றம் தாங்காமல் மாமா அதை வாத்துத் தீனிக்கென்று வாத்துக்காரரிடம் தள்ளிவிட்டார். பேப்பர்காரன் படத்தில் காலடியில் இருந்த நெல்லை வெட்டிவிட்டு மாமாவை மட்டும் போட்டிருந்தான். விசாரணைக்கு வந்த அதிகாரிக்குக் காட்ட அந்தப் பேப்பரை விட்டால் வேறொன்றும் இல்லை. வேட்டியில் கடையில் போட்ட மடிப்புகூடக் கலையவில்லை, இவருக்கா நஷ்டம் என்று அவர் சிரித்தாராம். எனக்கு வயிறு எரிகிறது. அந்த ஆளை நினைத்தாலும் எரிகிறது, உன்னை நினைத்தால் அதைவிட எரிகிறது. மாமாவோ உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேற்று வந்து, "தங்கச்சி, புள்ளைகிட்ட அந்தப் படத்துல ஒண்ணு கேளு, நல்லா வந்திருக்கு" என்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது, காப்பி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

டில்லிக்குக் கிளம்பும்போது, இந்தப் பிலிமில் நெல்லை மணி மணியாக எண்ணலாம் என்று பீற்றிக்கொண்டாயே, இப்போது எண்ணிக் காட்டு. அவர் காலடியில் கிடந்த குவியல் பிலிமில் இருக்கும் அல்லவா, அதை மட்டும் கதவு அளவுக்குப் பெரிசாக்கு. நெல்லுக்கு நெல் முளை தெரியவேண்டும். மனுவை மறுபடி பார்க்கச் சொல்லி அப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார், வருகிற மாதம் முதல் வெள்ளிக்கிழமை தஞ்சாவூரில் கூப்பிட்டிருக்கிறார்கள். கூரியரில் அனுப்பிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்ளாதே, நீயே கொண்டு வா.

டில்லிப் புகையில் மூக்கைக் கட்டிக்கொண்டு போ, வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, நேரத்துக்குச் சாப்பிடு. அக்னீஸ்வரர் உனக்கு நல்ல உடம்பும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும். தேதியை மறந்துவிடாதே. எவ்வளவு சொல்லியும் கேட்காமல் மாமா அன்றைக்கும் அந்தத் தீபாவளி வேட்டியைத்தான் கட்டிக்கொண்டு வருவாராம். அவரை அசையாமல் நிற்கச் சொன்னவள் நீ. அந்த அதிகாரி சிரித்து முடிக்கும்வரை அவர் பக்கத்தில் நீயும் அசையாமல் நிற்க வேண்டும்.

கோபம் தீராத உன் அம்மா,
மங்களாம்பிகை