மாடிப் பொந்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், ஒரு சுற்றுப் பெருத்தும் இருக்கிறேன். அப்பாதான் இளைத்துவிட்டார். காட்டில் நீயும் நீ ஆராயும் கிளிகளும் சுகமாக இருக்க வேண்டும்.

குஞ்சுகள் பறக்கும்வரை இருந்து பார்க்கட்டுமா என்று கேட்டிருந்தாயே, அதைப் படித்ததும் அப்பா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கினவள் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கவா படித்தாள், உடனே கிளம்பி வரச் சொல் என்றார். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள் நீ, நீயே கேட்டு எழுதினால் அது உனக்கு எவ்வளவு வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா. கெஞ்சிப் பார்த்தேன், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். அப்போதுதான் நீ எழுதியிருந்த சிவப்புப் பெண்கிளி நினைவுக்கு வந்தது. நல்ல பொந்து அமைவது அரிது என்பதால் மாதக்கணக்காக அதைவிட்டு நகராதாம், பச்சை ஆண்கிளிதான் பழம் தேடி வந்து ஊட்டுமாம். பச்சையும் சிவப்பும் ஒரே இனம் என்பதே படித்தவர்களுக்கு வெகுகாலம் தெரியவில்லையாம், என்னையும் அப்பாவையும் பார்த்தாலும் அப்படித்தான், அது கிடக்கட்டும். நான் போர்வையோடு மாடி அறைக்கு ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் இருக்கட்டும் என்று நீங்கள் சொல்லும்வரை இறங்க மாட்டேன், இரை உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன்.

அப்பா அசரவில்லை. போஸ்டர் ஒட்டுகிற பதத்தில் கஞ்சி வந்தது. பொரித்த முட்டையில் ஓடு கிடந்தது, கேட்டதற்குக் கிளிக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டாமா என்றார். இதற்குள் எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்து, பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர் வாழைப்பழச் சீப்போடு வாசலில் வந்து நின்றார். நான் இறங்காமல் மாடிப்படியின் உச்சியில் நின்றபடி அப்பாவிடம் சொன்னேன், “காட்டுலயும் இப்படித்தானாம். ஒருத்தர் கொண்டு வர்றது பத்தலைன்னா இன்னும் நாலஞ்சு ஆம்பளைக் கிளி இரையோட வருமாம். உங்க மகதான் எழுதியிருக்கா.” கண்டக்டர் சீப்பை வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா அந்தச் சீப்பையே வெகுநேரம் பார்த்தார். பிறகு, “இருந்து பாத்துட்டு வரச் சொல்லு. குஞ்சு பறந்த அன்னைக்கே போன் பண்ணணும். உனக்கில்ல, எனக்கு” என்றார்.

ஆகவே நீ தைரியமாக இரு. மரம் ஏறுமுன் கயிற்றை இழுத்துப் பார். வேளைக்குச் சாப்பிடு, அங்கே உனக்கு ஊட்ட யாரும் பறந்து வர மாட்டார்கள். அப்படி யாராவது வந்தால் எனக்கு மட்டும் எழுது. நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, தாயே.

நான் இன்னும் இறங்கவில்லை. அப்பாவுக்குச் சமையல் இப்போதுதான் கைவருகிறது, நேற்றைய சூப்பில் உப்புகூட இருந்தது. அதனால் உன் குஞ்சுகளை அவசரப்படுத்தாதே, மெதுவாகவே பறக்கட்டும்.

ஆசிகளுடன்,
மாடிப் பொந்திலிருந்து
உன் அம்மா