வண்டியை எவ்வளவு உயர்த்துவது

பிப்ரவரி 11, செவ்வாய்

பனி இளகிவிட்டது, இவ்வளவு சீக்கிரமே. காலையில் ரூலனை டவுனுக்குச் சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். முதல் ஓடையைத் தாண்டியாயிற்று. இரண்டாவது ஓடைக்கு முன்னால், சக்கரத் தடம் பள்ளமாக விழுந்திருக்கும் இடத்தில், பிக்கப் வண்டி வயிற்றை மண்ணில் வைத்து உட்கார்ந்துகொண்டது. நான்கு சக்கரமும் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. களிமண் கண்ணாடி வரை தெறித்தது.

அக்டோபரில் பக்கவாதம் வந்ததிலிருந்து ரூலனுக்கு இடது கையும் காலும் சரியில்லை. அந்தச் சேற்றில் அவனை இறக்க முடியாது. பக்கத்துப் பண்ணை டெல்மர் டிராக்டரோடு வந்து இழுத்துவிட்டான். சங்கிலி பூட்டி இழுக்கும்வரை ரூலன் எதிர்ப்பக்கம் பார்த்தபடியே இருந்தான். இந்தச் சாலையில் மாட்டிக்கொண்டவர்களையெல்லாம் இதுவரை இழுத்துவிட்டவன் அவன்தான்.

இன்றும் சிகிச்சை தவறிப்போயிற்று. இந்த மாதம் இது முதல் தடவை இல்லை.

பிப்ரவரி 12

நாத்தனார் ஆர்டித், ரூலனின் அக்கா, டவுனிலிருந்து கூப்பிட்டாள். அவள் வீட்டுக் கீழ்த்தளம் காலியாக இருக்கிறதாம், ஆடு மாடுகளை விற்றுவிட்டு வந்துவிடச் சொன்னாள். அவள் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. எரிச்சலே அதனால்தான்.

பிப்ரவரி 14

டெல்மர் வந்தான். பிக்கப்பை ஆறு அங்குலம் உயர்த்தும் சாமான் செட்டு ஒன்று அவன் கொட்டகையில் கிடக்கிறதாம். பழையது, சும்மா கொடுத்த மாதிரிதான் விலை. பெரிய டயர் போட்டால் ஓடை என்ன, ஆற்றையே கடக்கலாம் என்றான்.

ரூலன் பேச ஆரம்பித்தான். அக்டோபரிலிருந்து எதைக் கேட்டாலும் “ம்”, “வேண்டாம்” என்று முடித்துக்கொள்கிற மனிதன், சுருள் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங் என்று உருளைக்கிழங்கு வெந்து ஆறுகிற வரை பேசினான். வாய் கொஞ்சம் குழறியது, அவன் கவலைப்படவில்லை. எனக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் நிறுத்திவிடுவானோ என்று கேள்வி மேல் கேள்வி கேட்டேன்.

அதில் ஒரு கேள்வி மட்டும் நிஜமான சந்தேகம். உயர்த்துவது என்றால் சரியாக எதை உயர்த்துகிறார்கள்? சக்கரம் எப்படியும் தரையில்தானே இருக்கிறது?

பிப்ரவரி 16, ஞாயிறு

மதியம் பழைய கம்பளத்தை விரித்து வண்டிக்கடியில் போய்ப் படுத்தேன். எத்தனை வருஷமாக ஓட்டுகிறேன், இன்றுதான் அடிப்பக்கத்தைப் பார்க்கிறேன். அது ஒரு தனி ஊர் மாதிரி இருக்கிறது. காய்ந்த புல், மண்கட்டி, எங்கோ கிடந்த முள்கம்பித் துண்டு ஒன்று.

எது இடிக்கிறது என்பது எழுதி வைத்த மாதிரி தெரிந்தது. இன்ஜினுக்குக் கீழே இருக்கும் தகடு தேய்த்த கரண்டி போல மின்னுகிறது. பின் அச்சின் நடுவில் தொங்கும் இரும்புக் குண்டில் பழைய துருதான். அப்படியானால் இடிப்பது முன்பக்கம் மட்டும்.

ரூலன் ஜன்னல் கண்ணாடியைத் தடியால் தட்டினான். வெளியே வந்தால், “அங்க என்னத்தத் தொலைச்ச?” என்கிறான். தலைமுடியெல்லாம் கிரீஸ். சொன்னேன், முன்னால் மட்டும்தான் அடிபடுகிறது என்று. “சரியாத்தான் பாத்திருக்க” என்றான்.

ஏன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது எனக்கு?

பிப்ரவரி 19

ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் உயர்வது வண்டியின் உடம்பு. பின் அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது, அதனால் அந்தக் குண்டு இருந்த இடத்திலேயேதான் தொங்கும். அது உயர வேண்டுமென்றால் டயர் பெரிதாக வேண்டும். வேறு வழி இல்லை. எங்கள் வண்டியில் முன்பக்கத் தகடு மட்டும் உடம்போடு சேர்ந்து மேலே போகும். எங்களுக்கு இடிப்பதும் அதுதான்.

இதை ரூலனிடம் சொன்னேன். தனக்கு முன்பே தெரியும் என்றான்.

“தெரிஞ்சுமா ஆறு அங்குலம் கேக்குற?”

“பாக்க நல்லாயிருக்கும் வெர்லா.”

பொய் சொல்லவில்லை, பாவம். இருபது வயதிலிருந்து ஆசைப்பட்டிருக்கிறான். பிள்ளைகள், மாடுகள், கிணற்று மோட்டார் என்று ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றுவிட்டன.

பிப்ரவரி 24

மெக்கானிக் லூப்பேயின் பட்டறைக்குப் போனேன். மூன்று வழி இருக்கிறது என்றான். முன் ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு இரும்பு வளையத்தைச் செருகுவது, இருப்பதிலேயே மலிவு. ஸ்பிரிங்கையே புதிதாக, நீளமானதாக மாற்றுவது, நடுத்தரம். உயரத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கிற ஷாக்கோடு முழு செட்டு. அதன் விலைக்குக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டைச் சூடாக்கும் கேஸை வாங்கிவிடலாம்.

வளையம் போட்டால் என்ன கெடுதல் என்று கேட்டேன். பழைய ஸ்பிரிங் பழைய ஸ்பிரிங்காகவேதான் இருக்கும், அதை ஒரு முக்காலியில் ஏற்றி உட்கார வைக்கிற மாதிரி, என்றான். ரொம்ப உயர்த்தினால் முன் சக்கரத்துக்குப் போகும் தண்டு சாய்வாக நின்று சுற்ற வேண்டியிருக்கும், அதன் மூட்டு சீக்கிரம் போய்விடும். டெல்மரின் செட்டைப் பற்றிக் கேட்டேன். “போடலாம். எங்கயாவது வெட்டணும், எங்கயாவது பத்தவைக்கணும். அப்புறம் நீங்க மாசாமாசம் என்னைப் பாக்க வருவீங்க” என்று சிரித்தான்.

பிப்ரவரி 27

இன்று கண்டுபிடித்தது: எங்கள் வண்டி தாழ்ந்து போயிருக்கிறது!

சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்தேன். புதிதாக இருந்தபோது எவ்வளவு என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார். முன்பக்கம் ஒரு அங்குலத்துக்கு மேல் குறைகிறது. இத்தனை வருஷமாக வேலி மரமும் தீவனமும் நாங்களும் ஏறி ஏறி ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. உயர்த்த வேண்டும், உயர்த்த வேண்டும் என்று அலைகிறேன். அதில் பாதி, இழந்ததைத் திரும்ப வாங்குவதுதான்.

லூப்பேயிடம் போனில் சொன்னேன். அப்படியானால் வளையம் வேண்டாம், புது ஸ்பிரிங் போடுவதுதான் சரி என்றான்.

மார்ச் 2, ஞாயிறு

மோசமான நாள்.

ராத்திரி முழுக்க ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. எல்லோரும் வண்டி எவ்வளவு உயரம் போகும் என்றே பேசுகிறோம். ரூலனின் கால் எவ்வளவு உயரம் போகும்? இப்போதே ஃபுட்போர்டில் காலை வைக்க அவன் படுகிற பாடு எனக்குத் தெரியும். நான் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கித் தள்ளுகிறேன்.

சமையலறையில் பலகைகளை அடுக்கினேன். கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இடது காலை மேலே வை என்றேன், அவன் உட்காரும் பக்கத்தில் அந்தக் கால்தான் முதலில் ஏற வேண்டும். முதலில் விளையாட்டுப் போல வைத்தான். பதினேழு அங்குலம், அது இப்போதிருக்கும் உயரம். வைத்துவிட்டான். பத்தொன்பது, மூச்சு வாங்கியது, ஆனால் வைத்தான். இருபத்தொன்றில் கால் விரல் பலகையில் இடித்து எல்லாம் சரிந்துவிட்டது. ஆறு அங்குலம் உயர்த்திப் பெரிய டயரும் போட்டால் இருபத்தைந்து. நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு பெட்டி வைத்து ஏறலாம், இல்லாவிட்டால் நானும் டெல்மரும் பிடித்து ஏற்றலாம் என்றும் உளறிவைத்தேன்.

“நான் என்ன தீவன மூட்டையா? ரெண்டு பேர் சேந்து தூக்கிப் போட?”

கதவைச் சாத்திக்கொண்டான். சாப்பிட வரவில்லை. மான்கறிக் குழம்பு அடுப்பிலேயே இருக்கிறது. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? தெரியும், என்ன சொன்னேன் என்று தெரியும். ஆனால் அளக்காமல் எப்படி? யாராவது அளந்துதானே ஆகணும் — நீ அளக்கமாட்ட, டெல்மர் அளக்கமாட்டான், அப்புறம் யாருதான்...

மார்ச் 3

கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு உள்ளே வந்தால், ரூலன் பலகைகளைத் தானே அடுக்கிக்கொண்டிருக்கிறான், ஒற்றைக் கையால். ஏறினான், இறங்கினான். மறுபடி ஏறினான். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“பத்தொம்பது” என்றான், திரும்பாமலே. “அதுக்கு மேல ஒரு காகிதம் கூட வேண்டாம்.”

பதினேழும் இரண்டும்.

மார்ச் 7

முடிவாகிவிட்டது. முன்னால் புது ஸ்பிரிங், இப்போதிருப்பதை விட இரண்டு அங்குலம் கூடுதல். பின்னால் பட்டைகளோடு இன்னொரு பட்டை. டயர் அதே அளவு. முழு செட்டுக்கு ஆகிற காசில் கால்வாசிதான்.

டெல்மரிடம் வேண்டாம் என்று சொல்லப் போனோம். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். “ரெண்டு அங்குலமா? அதுக்கு டயர்ல காத்தைக் கொஞ்சம் சேத்து அடிச்சிருக்கலாமே ரூலன்” என்றான்.

“இவதான் இன்ஜினியர். இவகிட்ட பேசிக்கோ” என்று ரூலன் என்னைக் கைகாட்டினான். டெல்மருக்குத் தகடு, தண்டு, மூட்டு எல்லாவற்றையும் விளக்கினேன். பாதியிலேயே அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிய ஆரம்பித்துவிட்டான். நான் விடவில்லை.

மார்ச் 15, சனி

வண்டி வந்துவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அவ்வளவு சாதாரணமாக இருக்கிறது. எனக்கு மட்டும், முதுகை நிமிர்த்தி நிற்கிற மாதிரி தெரிகிறது.

சாயங்காலம் பட்டறையிலிருந்து திரும்பி வரும்போது எதிரே வந்தவர்கள் எல்லோரும் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள். இத்தனை பேருக்கு நம்மைத் தெரியுமா என்று கை காட்டிக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் நிறுத்திய பிறகு ரூலன் சொல்கிறான்: மூக்கு உயர்ந்ததால் விளக்கு எதிராளி கண்ணில் அடிக்கிறதாம். முன்பே சொல்லியிருக்கலாமே என்றால், “நீ ரொம்ப சந்தோஷமா கை காட்டிட்டு வந்த” என்கிறான்.

மார்ச் 16

கொட்டகைச் சுவரில் டேப் ஒட்டி, விளக்கைத் திருகித் தாழ்த்தினேன். நானே.

மார்ச் 29, சனி

மூன்று நாள் மழைக்குப் பிறகு அசல் களிமண். சிகிச்சை திங்கள்தான். ஆனால் சாலையைப் பார்த்துவிடலாம் என்று இருவரும் கிளம்பினோம். ரூலன் கைப்பிடியைப் பிடித்து, இடது காலை ஃபுட்போர்டில் வைத்து, தானே ஏறினான். நான் பின்னால் சும்மா நின்றேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

முதல் ஓடை. இரண்டாவது ஓடைக்கு முன் அந்தப் பள்ளம். வேகத்தைக் கூட்டாதே, குறைக்காதே என்றான். உடம்பு முழுக்கக் காதாக இருந்தேன். முன்னால் ஒன்றும் இல்லை. தண்ணீரிலிருந்து ஏறும்போது பின்னால் மட்டும் ‘டக்’ என்று ஒரு சத்தம். வண்டி இழுக்கும் கொக்கி இடித்திருக்கும். எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. தாண்டிவிட்டோம்.

வந்ததுதான் வந்தோம் என்று ஆர்டித் வீட்டுக்குப் போனோம். கீழ்த்தளத்தில் எங்களுக்காகப் புதுக் கட்டில் வாங்கிப் போட்டிருந்தாள், குளியலறைச் சுவரில் கைப்பிடி கூட அடித்துவைத்திருக்கிறாள். நாங்கள் பண்ணையிலேயே இருக்கப் போகிறோம் என்று நான்தான் சொன்னேன்.

அவள் தலையணை உறையை நீவிக்கொண்டே, “தனியா இருக்க எனக்குந்தான் பிடிக்கல, வெர்லா. அதை நான் சொல்லல” என்றாள்.

எனக்கு அது ஒரு நாளும் தோன்றியதில்லை. அவள் எங்களுக்காக மட்டும்தான் கூப்பிடுகிறாள் என்று இருந்துவிட்டேன். சிகிச்சைக்கு முந்தின ராத்திரிகளில் அங்கே வந்து தங்குவதாகச் சொன்னோம். சாப்பாட்டுக்கு உட்கார வைத்துவிட்டாள். பன்றித் தொடைக்கறியும் சீஸ் உருளைக்கிழங்கும். அக்காவும் தம்பியும் சீட்டாட்டத்தில் சண்டை போட்டார்கள்.

ஏப்ரல் 14

ஈரம் காய்கிறது. ஸ்பிரிங் போல்ட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்லியிருந்தான் லூப்பே. முறுக்கினேன். ஒன்று நிஜமாகவே தளர்ந்திருந்தது.

ஏப்ரல் 28

டாக்டர் ரூலனின் கண்ணையும் வலது காலின் வேகத்தையும் சோதித்தார். சொந்த நிலத்துக்குள் வண்டி ஓட்டிப் பார்க்கலாம், ஊர்ச் சாலைக்கு இன்னொரு பரீட்சை இருக்கிறது என்றார். ரூலன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி, பார்க்கலாம் என்றான்.

மே 11, ஞாயிறு

காலையில் கன்றுகளுக்கு உப்புக்கட்டி கொண்டுபோகலாம் என்று வண்டியில் ஏறினேன். கால் பெடலுக்கு எட்டவில்லை. சீட் பின்னால் தள்ளியிருக்கிறது, கண்ணாடி வேறெங்கோ பார்க்கிறது. பின்னால் பார்த்தால் நேற்றே ஏற்றிவைத்த உப்புக்கட்டியும் இல்லை. நான் கோழிக்கூண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த நேரத்தில் ரூலனே ஓட்டிக்கொண்டு போய்வந்திருக்கிறான்.

இறங்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். ஓட்டுகிற இடம் வண்டியின் இடது பக்கம், அங்கே வலது கால்தான் முதலில் ஏறும். நல்ல கால். இவ்வளவு அளந்தும் அந்தப் பக்கத்தில் நான் டேப்பே வைக்கவில்லை.

சீட்டைத் தொடவில்லை. மறுபக்கம் போய், கைப்பிடியைப் பிடித்து ஏறி, அவன் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் ரூலன் தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தான். என்னை அங்கே பார்த்ததும் படியிலேயே நின்றான்.

“எங்க போகணும்?” என்று கேட்டான்.

மேல் மேய்ச்சல் வரைக்கும் என்றேன்.