சனிக்கிழமை வகுப்பில் பாராட்டு கிடையாது

ஜூன் 7, சனி

இன்று வகுப்புக்கு ஒன்பது பேர். ஒன்பது பேரிடமும் மைக் இருக்கிறது. பாட்டு ஒருவரிடமும் இல்லை.

எல்லாம் முதலாளியின் வேலை. கீழே கடையில் மைக்கை விற்றுவிட்டு, "மாடியில சனிக்கிழமை வகுப்பு இருக்கு, ஃப்ரீ" என்று ஆளை என் தலையில் கட்டிவிடுகிறார். வீட்டிலேயே பாட்டு எழுதி, வீட்டிலேயே பதிவு செய்வது எப்படி என்று நான் சொல்லித்தர வேண்டுமாம். முதலில் பாட்டை எழுதுங்கள், அதுவரைக்கும் கையில் இருக்கும் போனே போதும் என்று சொன்னேன். படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் முறைத்த முறைப்பு இருக்கிறதே.

இன்றைக்குக் குறை சொல்லி அறுத்தது வாத்தியார் பாட்டை. கணக்கு வாத்தியார். வரிக்கு வரி கடைசியில் ஒரே சத்தம் வந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். வானம், கானம், மோனம், ஞானம். அடுத்து தானம் வந்துவிடுமோ என்று மொத்த வகுப்பும் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தது. வந்தது.

பேர் சொல்லாமல் பாட்டைப் போடுவேன். எல்லோரும் குறை மட்டும் சொல்ல வேண்டும். யாராவது பாராட்டினால் படியிறங்கிப் போய்விட வேண்டும். யாருடைய பாட்டு என்றும் கேட்கக் கூடாது. நான் போட்ட விதிகள்தான். சொந்தக்காரர்கள் பாராட்டிப் பாராட்டித்தானே இத்தனை பேர் இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்?

முதல் பாடத்தை மறுபடி சொன்னேன்: ஆரம்பத்தை வெட்டுங்கள். பாட்டுக்கு முன்னால் நாற்காலி இழுக்கிற சத்தம், தொண்டையைச் செருமுகிற சத்தம், "ஓடுதா?" என்று யாரையோ கேட்கிற சத்தம் — இதையெல்லாம் கேட்க யாரும் பிறவி எடுக்கவில்லை. தலையாட்டினார்கள். அடுத்த வாரமும் நாற்காலி இழுப்பார்கள்.

தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடிப் பதிவு செய்கிற பெண்ணுக்குக் கம்பளி என்றே பேர் வைத்துவிட்டேன் (மனசுக்குள்தான்). வீட்டில் எதிரொலி வருகிறதாம். தலையணைக்குள் யாரோ சிக்கிக்கொண்டு உதவி கேட்பது போல் இருக்கிறது அவள் குரல். அறையில் நின்று ஒரு தடவை கை தட்டு என்றேன். சத்தம் அங்கேயே செத்தால் பாடலாம். வாலைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தால் வேறு இடம் பார். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன்னால் பாடு, துணி சத்தத்தைக் குடித்துவிடும் என்றும் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"மேடம், உங்க பாட்டு ஒண்ணு போடுங்களேன்."

நேரமாகிவிட்டது என்றேன். ஆகவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

அக்காவுக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. நர்ஸ் வேலைதான், ஆனால் இங்கே மாதிரி நைட் டியூட்டி கிடையாது. மாதக் கடைசியில் போகிறாள். இதைத் துணி மடித்துக்கொண்டே சொன்னாள், சோப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்.

"நல்லதுதானே" என்றேன். வேறு என்ன சொல்வது?

"போறதுக்குள்ள ஒரே ஒரு பாட்டையாவது முடிச்சுக் காட்டுடி. பாதிப் பாதியா கேட்டு எனக்குக் காதே பாதியா தேஞ்சு போச்சு."

அவள் சொன்னதில் தப்பில்லை. முழுப் பாட்டு என்று என்னிடம் ஒன்றுகூடக் கிடையாது. அடுத்தவர் பாட்டை அறுக்கத் தெரிந்த அளவுக்கு... சரி விடு. இதைத் தனியாக வேறு எழுத வேண்டுமா.

ஜூன் 11, புதன்

எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் போவதைப் பற்றித்தான். ஆனால் அக்கா என்ற சொல் எங்கேயும் வராது. அப்படிப் பச்சையாகச் சொல்வதெல்லாம் வாத்தியார் வகையறா.

ஜூன் 13, வெள்ளி

முடித்துவிட்டேன்!

பகலில் அக்கா அடுத்த அறையில் தூங்குவதால் குரலை அடக்கித்தான் பாட முடிந்தது. அவள் துணியும் என் துணியும் சேர்ந்து தொங்குகிற அலமாரிக்கு முன்னால் நின்று பாடினேன். கேட்டுப் பார்த்தால் குரல் சோனியாக இருந்தது. கொஞ்சம் எதிரொலி சேர்த்தேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். இப்போது கேட்டால் கோவில் கோபுரத்து உச்சியிலிருந்து பாடுவது போல் இருக்கிறது. கம்பீரம்.

ஜூன் 14, சனி

போன வாரம் வாத்தியார் பட்ட பாட்டைப் பார்த்து இந்த வாரம் ஒருவரும் பாட்டு அனுப்பவில்லை. கோழைகள். சரி, இவர்களுக்குப் பாட்டு என்றால் என்னவென்று காட்டுவோம் என்று என்னுடையதைப் போட்டேன். பேர் சொல்லாமல்தான். எதிரொலியில் குரல் அடையாளம் தெரியாது என்பது நிச்சயம். வாயடைத்துப் போவார்கள், விதியை மீறி யாராவது பாராட்டுவார்கள், அவரைச் செல்லமாகத் திட்டிப் படியிறக்க வேண்டும் — இந்த வசனம் வரைக்கும் தயாராக வைத்திருந்தேன்.

வாத்தியார் ஆரம்பித்தார். "யாரோ போறாங்கன்னு தெரியுது. யாரு போறாங்க? பஸ்லயா, ரயில்லயா? இல்ல செத்துட்டாங்களா?"

வானம் கானம் ஆசாமிக்கு வந்த வாழ்வு!

கம்பளி: "பல்லவி வர்றதுக்குள்ள நான் ரெண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துட்டேன்."

வகுப்பில் ஒரு பல் டாக்டர் உண்டு, எப்போதும் மெதுவாகப் பேசுவார். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியதால் பதிலை எதிர்பார்ப்பதும் இல்லை. "இவ்வளவு எக்கோ எதுக்கு? குரல் நல்லாயிருந்தா மறைக்க வேண்டாம். நல்லா இல்லைன்னா இதால மறையாது. பாடறவங்க எதையோ சொல்லவந்து, யாராவது பார்த்துடுவாங்களோன்னு பயந்து திரைக்குப் பின்னாடி போயிட்டாங்க."

ஆளாளுக்கு அறுத்தார்கள். எல்லாம் என் வார்த்தைகள், என் வாயிலிருந்து பொறுக்கியவை. "அனுப்பினவங்ககிட்ட சொல்லிடறேன்" என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று மைக் வாங்கியவனெல்லாம் எனக்குப் பாடம் எடுக்கிறான். இவனுங்களுக்கு என்ன தெரியும்? மைக்கை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே போன மாசம்தான் தெரிஞ்சுது. பஸ்லயாம், ரயில்லயாம்! டிக்கெட்டைக் காட்டினாத்தான் பாட்டு புரியுமாக்கும். இனிமே அந்த மாடிப்படி ஏறினா என்னைக் கேளு.

அக்கா வாசலில் நின்று பார்த்தாள். "என்னடி, மூஞ்சி வீங்கியிருக்கு?"

"பாட்டு முடியல" என்றேன்.

"அது என்னைக்கு முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனாள்.

ஜூன் 21, சனி

ஏறினேன். வேறு போக்கிடம்?

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு பல் டாக்டர் மட்டும் பையை மூடுவதும் திறப்பதுமாக நின்றார்.

"போன வாரப் பாட்டு உங்களுதுதானே மேடம்?"

நான் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"ஆரம்பத்துல 'ம்... சரி'ன்னு ஒரு குரல் வருது. எக்கோ இல்லாம சுத்தமா வருது. வாரா வாரம் நீங்க வகுப்பை அப்படித்தானே ஆரம்பிப்பீங்க. எல்லாருக்குமே தெரிஞ்சுபோச்சு."

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். இருக்கிறது. முதல் வரியிலிருந்து மட்டுமே எதிரொலி சேர்த்து, அங்கிருந்தே போட்டுப் போட்டுக் கேட்டதால் அதற்கு முன்னால் கிடந்தது என் காதில் விழவே இல்லை. ஆரம்பத்தை வெட்டுங்கள், ஆரம்பத்தை வெட்டுங்கள் என்று ஊருக்கெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிற மகராசி வெட்டவில்லை. தூ.

தெரிந்தேவா அப்படி அறுத்தீர்கள் என்று அவரிடம் கேட்டதையும் எழுதிவிடுகிறேன். "தெரிஞ்சதாலதான் மேடம். வேற யாரு பாட்டா இருந்தாலும் பாவம் பார்த்திருப்போம்" என்றார். அதை அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் அவரைத் திட்ட முடியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

யாரு போறாங்க?

இன்று விடிகிற நேரம் அக்கா வந்தாள். வழக்கம்போல் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதேதான். படியிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள். சாவியைத் திருப்பும்போது கதவை உடம்பால் அழுத்திப் பிடித்துக்கொள்வாள், கிளிக் என்ற சத்தம் வரக் கூடாதென்று. குழாயை நூலளவு திறப்பாள். எல்லாம் நான் எழுந்துவிடக் கூடாது என்பதற்காக. சாவி சத்தத்துக்கு முன்னாலேயே, படியில் அவள் மூச்சு வாங்கும்போதே எனக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து ஒரு வாய் காபி போட்டுக் கொடுத்திருக்கலாம். ஒரு நாளாவது.

செருப்பைப் பற்றிப் பாட்டு எழுதினால் வாத்தியார் சிரிப்பார். சிரிக்கட்டும் அந்த ஞானம் தானம்.

ஜூன் 29, ஞாயிறு

போய்விட்டாள். பஸ்ஸில்.

செருப்புப் பாட்டு முடியவில்லை. "பரவாயில்ல விடு" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 2, புதன்

அவள் இல்லை, இனிக் குரலை அடக்க வேண்டியதில்லை. அலமாரியைத் திறந்தேன். பாதிக்கு மேல் அவள் துணிதான் இருந்திருக்கிறது. இப்போது என் நாலு சட்டையும் காலி ஹேங்கரும். கை தட்டிப் பார்த்தேன். சத்தம் வாலைப் பிடித்துக்கொண்டு அறை முழுக்கச் சுற்றியது.

மாணவர்கள் என்றால் வேறு இடம் பார் என்றிருப்பேன். அங்கேயே நின்று பாடினேன். எதையும் மேலே சேர்க்கவில்லை.

*செருப்பைக் கையில் எடுத்துவந்தாய்,
சாவியை மெல்லத் திருப்பினாய்.
தூங்குகிறேன் என்று நினைத்தாய்.
தூங்கவில்லை, கேட்டிருந்தேன்.*

கூச்சமாக இருக்கிறது. பச்சையாக இருக்கிறது. மொத்தப் பாட்டில் அக்கா என்ற சொல்லே மூன்று தடவை வருகிறது. அவளுக்கு அனுப்பிவிட்டேன். பதில் இல்லை. புது இடம், புது வேலை, கேட்க நேரம் இருக்காது.

ஜூலை 5, சனி

போட்டேன். யாருடைய பாட்டு என்று இந்தத் தடவையும் சொல்லவில்லை. ஆரம்பத்தை வெட்டியிருந்தேன்.

வாத்தியார் குனிந்து பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "ரூம் சத்தம் கேக்குது" என்றார் பல் டாக்டர். தெரியும் என்றேன். கடைசி வரி சுருதி இறங்குகிறது என்றாள் கம்பளி. உண்மைதான், இறங்குகிறது. அவ்வளவுதானா? குறை சொல்லுங்கள் என்று அதட்டினேன்.

"இன்னொரு தடவை போடுங்க மேடம்" என்றாள் கம்பளி.

விதிப்படி அது பாராட்டு இல்லை. படியிறக்க முடியாது. போட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் போன். ஹலோ கூடச் சொல்லவில்லை.

"அடிப்பாவி! முழிச்சிட்டா இருந்த? அஞ்சு வருஷமா பூனை மாதிரி நடந்தேனேடி!"

திட்டினாள், திட்டினாள், மூச்சுவிடாமல் திட்டினாள். அப்புறம் மூக்கை உறிஞ்சினாள். பாட்டு எப்படி இருந்தது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.