உன் சித்தப்பா கேட்ட தண்ணீர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் காகிதத்தை எடுத்தேன். இங்கே உடம்பைப் பற்றி மட்டும் கேட்டால் எல்லோருக்கும் சுகம்தான். அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் இறங்கிவிட்டது, டாக்டர் நடக்கச் சொன்னதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்கிறார். சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, பால் கறக்கப் போனால் அவரை மட்டும் பார்த்து உதைக்கிறது, என்ன கணக்கோ. குட்டிக்கு முன்பல் விழுந்ததைப் படத்தில் பார்த்தேன், சின்னக் கிழவி மாதிரி இருக்கிறாள், அவளிடம் சொல்லாதே, அழுவாள். அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றாய், காதை மூடாமல் வெளியே அனுப்பாதே, உனக்கும் சின்ன வயதில் காதில்தான் எல்லாம் வரும்.

கோர்ட்டில் என்னம்மா ஆச்சு என்று நீ போனில் கேட்டபோது நல்லபடியா முடிஞ்சுது என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். ஜாமீனில் வந்த நாளிலிருந்து, வக்கீல் காரில் கோர்ட்டுக்குப் போய் வருவதைத் தவிர அவன் வாசலைத் தாண்டுவதில்லை, வேறு எங்கே போய்ப் பேசுவேன். அதனால்தான் கடிதம். மாப்பிள்ளையிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம், ஆனால் முதலில் நீ தனியாகப் படி.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு எழுத வரும். உன் தாத்தாவும் அவர் தம்பியும் நிலத்தைப் பிரித்துக்கொண்டபோது எல்லைக்கு ஒரு கன்றை நட்டார்கள். அப்போது அது கைத்தடி கனம்தான். நீ பிறக்கும்போது இரண்டு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத மரம். அது நின்றவரைக்கும் சண்டை இல்லை, எல்லை எங்கே என்றால் மரம் என்போம், பேச்சு முடிந்தது. போன மழையில் அது வேரோடு சாய்ந்த பிறகுதான் மரத்தின் எந்தப் பக்கம் எல்லை என்ற கேள்வியே வந்தது. அந்தப் பக்கத்துப் பட்டை வரைக்கும் நம்முடையது என்று உன் தம்பி, இந்தப் பக்கத்துப் பட்டை வரைக்கும் தன்னுடையது என்று அந்தச் சின்னத் தாத்தா மகன், உன் சித்தப்பா. ஒரு கட்டில் போடுகிற அகலம், அவ்வளவுதான். சர்வேயர் வந்தார், சங்கிலி போட்டு அளந்தார், இரண்டு பேருக்குமே பிடிக்காத ஓர் இடமாகப் பார்த்துக் கல்லை நட்டுவிட்டுப் போனார். நானும் சும்மா இருக்கவில்லையடி. விட்டுக்கொடுத்தா தலைமேல ஏறி உக்காந்துடுவாங்க என்று சாப்பாடு போடும்போதெல்லாம் உன் தம்பி காதில் ஓதினேன். அவன் ஏற்கெனவே கற்பூரம், நான் வேறு ஊதினேன்.

அன்று காலை உன் சித்தப்பா மரம் இருந்த பள்ளத்தை மூடுவதற்கு மண்வெட்டியோடு போனார். பார்த்துவிட்டு இவனும் போனான். வாய்ச்சண்டை முற்றியதும் அவர்தான் முதலில் இறங்கி வந்திருக்கிறார். நாளைக்கு உங்கப்பாவை வச்சுப் பேசிக்கலாம் போடா என்று சொல்லி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியிருக்கிறார். இவன் கையில் கட்டை இருந்தது. ஒரே ஓர் அடி. பக்கவாட்டில் பட்டு விழுந்தவர் தலை அந்தக் கல்லிலேயே போய் மோதிவிட்டது. டிராக்டர்காரர் அந்த வழியாக வந்து பார்த்தபோது உயிர் இல்லை. இவ்வளவையும் உன் தம்பியே என்னிடம் சொன்னான். நான் அந்த நேரத்தில் நம் கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன், அப்பா வாசலில் மருந்தடிக்கிற பம்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயலில் அவர்கள் இரண்டு பேரையும் தவிர ஈ காக்கை இல்லை.

நம் வக்கீலைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், நின்றுகொண்டே பேசுவார், பேச்சிலேயே ஊரை விற்றுவிடுவார். அவர் என்னை உட்கார வைத்து, நீங்க அப்ப வயல்ல இருந்தீங்களாம்மா என்று கேட்டார். இல்லை என்றேன். நல்லா யோசிச்சுப் பாருங்க என்றார். மறுபடியும் இல்லை என்றேன். மாட்டுக்குப் புல் அறுக்கப் போயிருப்பீங்க, அவர்தான் முதல்ல மண்வெட்டியை ஓங்குறதைப் பாத்திருப்பீங்க, உங்க பையன் உயிரைக் காப்பாத்திக்கத்தான் அடிச்சான், யோசிச்சுப் பாருங்க என்றார். யோசித்தால் இல்லாத இடத்தில் இருந்துவிட முடியுமா என்று கேட்பாய். முடிகிறதடி. கூண்டில் ஏறி நின்று, சத்தியம் செய்த வாய் ஈரம் காய்வதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அரசாங்க வக்கீல் விடவில்லை, செத்தவர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்றார், நீலம் என்றேன், தூக்கி வந்து கிடத்தியபோது பார்த்ததுதானே. ஏன் அன்றைக்கே போலீஸிடம் சொல்லவில்லை என்றார், பெத்த வயிறு சாமி, பயந்துட்டேன் என்றேன், அதுவும் வக்கீல் சொல்லிக்கொடுத்தது. இறங்கி வந்ததும் நம்ம சாட்சிகள்லயே நீங்கதாம்மா கெட்டி என்றார். இதிலாவது பொய் சொல்லாமல் இருக்கிறேன், ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பஸ் ஏறியதும் அப்பாவிடம், ஏதாவது சொல்லுங்களேன் என்றேன். நீ சொன்னே, நான் கேட்டேன், இன்னும் என்ன சொல்ல என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நம் ஊருக்கு அந்த ஒரு பஸ்தான் என்பது உனக்குத் தெரியும். கேஸ் தொடங்கியதிலிருந்து உன் சித்தியும் நாங்களும் அதே பஸ்ஸில் போய் அதே பஸ்ஸில்தான் வருவோம், அவள் முன்னால், நாங்கள் பின்னால், முகம் பார்ப்பதில்லை. அன்றைக்கு அவள் எழுந்து பின்னால் வந்தாள். அப்பா எழுந்து இடம் விட்டார். என்னைக் காறித் துப்பத்தான் வருகிறாள் என்று முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம், அக்கா, நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும், யாருமே இல்லாம அநாதையா போயிட்டாரேன்னுதான் நான் தினமும் செத்துக்கிட்டு இருந்தேன், கடைசியில ஏதாவது சொன்னாராக்கா என்று கேட்டாள்.

மகளே, அந்த இடத்திலாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. கொஞ்சம் தண்ணி குடுங்க அண்ணின்னு கேட்டாரு, வாய்க்கால் தண்ணியைக் கையில அள்ளிக் குடுத்தேன், ரெண்டு வாய் குடிச்சாரு, உன்னைத்தான் கேட்டாரு என்றேன். கேட்டதும் என் வலது கையை எடுத்து, இந்தக் கையாலயா அக்கா என்று கண்ணில் வைத்துக்கொண்டு அழுதாள். ஊர் வரும் வரைக்கும் கையை விடவில்லை. நானும் அழுதேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, என்ன இருந்தாலும் ஒரே குடும்பம் பாரு என்று பேசிக்கொண்டார்கள்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. முந்தாநாள் மத்தியானம் கொல்லை வழியாக வீட்டுக்கே வந்தாள். மரம் விழுந்த பிறகு அவள் நம் வீட்டுக்கு வருவது அதுதான் முதல்முறை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, கன்றுக்குட்டியைத் தடவிக்கொண்டே நின்றாள். அவர் அப்படிக் கையை ஓங்குற ஆளே இல்லக்கா, யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன், ஆனா செத்துக்கிட்டு இருந்தவருக்குத் தண்ணி குடுத்தவங்க நீங்க, நீங்க போயி எதுக்குப் பொய் சொல்லப் போறீங்க என்றாள். பிறகு சொன்னதுதான் என்னைக் கொன்றது. அவர் செஞ்சது தப்புதான், உங்க பிள்ளையை அடிக்க ஓங்கியிருக்கக் கூடாது, அவருக்காக நான் மன்னிப்புக் கேக்குறேன், மனசுல வச்சுக்காதீங்கக்கா என்று குனிந்து என் காலைத் தொட்டாள். புருஷனைப் பறிகொடுத்தவள் என் காலைத் தொடுகிறாள், நான் மரக்கட்டை மாதிரி நிற்கிறேன். என்ன சொன்னேன் தெரியுமா, சரி விடு, மன்னிச்சாச்சு என்றேன். நான், அவரை, மன்னித்தேன். இதைக் கேட்டு இடி விழவில்லை, ஒன்றும் விழவில்லை, பசு பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டிருந்தது. போகும்போது உன் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பெரியவ அவர்மேல உயிரா இருப்பா, தண்ணி குடிச்சுட்டுத்தான் போனாருன்னு நானே அவகிட்ட சொல்லணும் என்றாள்.

அவள் போனதும் உள்ளே திரும்பினால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் உன் தம்பி நிற்கிறான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். பஸ்ஸில் நடந்ததை நான் அவனிடம் சொல்லவே இல்லை. தட்டில் போட்டதை அவன் தொடவில்லை. திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அம்மா, தண்ணின்னு உனக்கு யார் சொன்னது என்று கேட்டான். யாரும் சொல்லலடா, வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி உதடு கோணிக்கொண்டது அவனுக்கு. நெஜமாவே கேட்டாரும்மா, தம்பி கொஞ்சம் தண்ணி குடுடான்னு கேட்டாரு, வாய்க்கால் நாலு அடி தள்ளித்தான் இருந்துச்சு, நான் ஓடி வந்துட்டேன் என்றான்.

இத்தனை மாதமாக அவன் போலீஸிடம் சொல்லவில்லை, வக்கீலிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. இனி நான் எப்படியடி சும்மா இருப்பது. கேட்டார் என்பது உண்மை, கொடுத்தேன் என்பதுதான் பொய், இந்தப் பொய்யில் அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள். உண்மையைச் சொன்னால் அந்தத் தூக்கத்தையும் நானே பிடுங்குவேன். சொல்லாவிட்டால் செத்தவர் தலையில் கொலைவெறிப் பழி நிற்கும், அவர் பிள்ளைகள் அதைச் சுமந்துகொண்டு திரியும். இரண்டு ராத்திரியாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன். வக்கீலிடம் கேட்டதற்கு, சாட்சியை மாத்திச் சொன்னா உங்களையும் உள்ள வைப்பாங்க, தீர்ப்பு வர்ற நேரத்துல வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்கம்மா என்று போனை வைத்துவிட்டார். அவன் உன் தம்பி, என் வயிற்றில் பிறந்தவன், அவனை நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா என்று நீ அலறுவது இங்கே எனக்குக் கேட்கிறது. இன்றைக்குக் காலையில் அவனிடமே கேட்டேன், நான் போயி சித்திகிட்டச் சொல்லிடட்டுமாடா என்று. திட்டுவான், காலைப் பிடிப்பான் என்றுதான் எதிர்பார்த்தேன். நானும் வர்றேம்மா என்றான். அப்பா உடனே எழுந்து சட்டையை மாட்டினார். முதல்ல மூணு பேரும் சாப்பிடலாம், அப்புறம் யாருக்கு எங்க சாப்பாடுன்னு தெரியாது என்றார். அவர் இந்த வருஷத்தில் பேசிய நீளமான பேச்சு அதுதான். இந்தக் கடிதத்தைப் போகிற வழியில் போட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போகிறோம். அதற்குப் பிறகு கோர்ட்டு.

உன்னை வா என்று கூப்பிடவில்லை, குட்டியின் படிப்பைக் கெடுத்துக்கொண்டு ஓடி வராதே. ஆசீர்வாதம் செய்ய எனக்கு இப்போது யோக்கியதை இருக்கிறதா தெரியவில்லை, ஆனால் பெற்றவள் வாழ்த்தை யாரும் வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதில்லை. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலைகுனியாமல் நிறைய நாள் இருக்க வேண்டும். பசுவைப் பார்த்துக்கொள்ள டிராக்டர்காரர் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். ஒன்றே ஒன்று மறக்காதே. உன் சித்தி போன் செய்தால் எடு. எங்களைத் திட்டினால் எதிர்த்துப் பேசாதே, அழுதால் வைக்காதே, அவளாக வைக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இரு. எனக்காக அது ஒன்றைச் செய்.

உன் மேல் என்றும் உயிராக இருக்கும்,
அம்மா