கேக்கறத சாப்பிடக் குடுங்க

18-4-2005, திங்கள்
காலையிலேயே அனல். உப்பளத்துல உப்பு வாரும்போது வலது அடிவயித்துல சுருக்குனு வலி. நிமிர முடியல. சம்சாரம் சரோஜாவோட திண்டிவனம் பஸ். டாக்டர் அமுக்கிப் பார்த்துட்டு, "அப்பெண்டிஸ் மாதிரி இருக்குது. ஆபரேஷனுக்கு ரெடியா இருங்க. முதல்ல ஸ்கேன்"னாரு.

ஸ்கேன் மேடம் வலிக்கிற இடத்துலயே கருவிய வெச்சு அழுத்துனாங்க. உசிரு போச்சு. "அப்பெண்டிஸ் மெலிசா நல்லா இருக்குது. பக்கத்துல, குடலுக்கு வெளிய தொங்குற கொழுப்பு முறுக்கிட்டிருக்குது. ஒரு வாரத்துல தானா சரியாயிடும்."

ஆபரேஷன் இல்லியாம். வெறும் வலி மாத்திரை. என்னை வெளிய அனுப்பிட்டு சரோஜாகிட்ட தனியா பேசுனாங்க. கேட்டா, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, கேக்கறத சாப்பிடக் குடுங்கன்னாங்க"ங்கறா.

பெரியப்பாவுக்கும் இதே வார்த்தைதான் சொன்னாங்க. அந்த மாசமே போயிட்டாரு.

19, செவ்வாய்
வலி அப்படியே. கொழுப்பு முறுக்கிக்குமா? கயிறா அது? உப்பு வார்றவன் உடம்புல கொழுப்பு ஏது? எக்கியார்குப்பத்துல ஒருத்தனுக்கு இதே வலிக்கு அறுத்தாங்க. எனக்கு ஏன் அறுக்கல?

வஞ்சிரம் கேட்டேன், சும்மா சோதிக்க. வாயத் தொறக்காம வாங்கி வந்து கொழம்பு வெச்சா. மத்த நாள்னா "நீ சம்பாரிக்கிற லட்சணத்துக்கு"ன்னு ஆரம்பிச்சிருப்பா.

20, புதன்
பிரம்மதேசத்துலேருந்து தங்கச்சி. ஹார்லிக்ஸ், ஆப்பிள். யாரு சொன்னது இவளுக்கு? என்னைப் பார்த்துப் பார்த்து மூக்கை உறியறா. அடுப்பங்கரையில ரெண்டு பேரும் குசுகுசு. "அண்ணி, அண்ணனுக்குத் தெரிய வேணாம்." நான் போனதும் கப்சிப்.

பயமா இருக்குது. பொண்ணு பத்தாவதுதான் படிக்குது. அதுக்கு யாரு?

22, வெள்ளி
வலி கம்மி. கடைசியில கொஞ்சம் தெளிவு வரும்னு சொல்லுவாங்களே, அதுவா?

23, சனி
அளத்துக்குன்னு சொல்லிட்டு திண்டிவனம் போனேன். "மேடம், நெஜத்தைச் சொல்லிடுங்க. தாங்கிப்பேன்." மறுபடி படுக்க வெச்சு அழுத்துனாங்க. வலிக்கல. "பாருங்க, சுருங்கிடுச்சு"ன்னு திரையில காட்டுனாங்க. எனக்கு என்ன தெரியும், எல்லாம் புகை மூட்டமா இருந்துச்சு. "ஒண்ணுமே இல்லீங்க. போய் வேலையப் பாருங்க."

கதவைத் தொறந்தா பெஞ்சுல சரோஜா. சந்தைக்குப் போறேன்னு காலையில கெளம்புனவ.

"என்னய்யா சொன்னாங்க? எங்கிட்ட மறைக்காத."

ஒண்ணும் இல்லன்னேன். என் மூஞ்சியையே பார்த்தா. நம்பல.